லியரி கான்ஸ்டன்டைன்: 19.24 என்ற சராசரிக்குப் பின்னால்

ஆல்ரவுண்டர் பேச்சு வந்தால் சோபர்ஸ், இம்ரான், கபில், போத்தம், காலிஸ் என்று ஐந்து பேரோடு முடிந்துவிடும். போன மாசம் நண்பர்களோடு அப்படி ஒரு அரட்டையில் லியரி கான்ஸ்டன்டைன் பேரைச் சொன்னேன். ஒருத்தர் உடனே போனில் தேடிப் பார்த்துட்டு, "என்னங்க இது, 18 டெஸ்ட்ல 635 ரன், சராசரி 19.24. ஒரு சதம்கூட இல்லை. 58 விக்கெட், அதுவும் 30 ரன்னுக்கு ஒண்ணு. இவரையா சொல்றீங்க?" என்று சிரித்தார்.

கணக்கு தப்பில்லை. ஆனா அந்தக் கணக்கு ஏன் அப்படி இருக்கு என்று தேடிப் போனால் வேற ஒரு வரலாறு கிடைக்கிறது.

கான்ஸ்டன்டைன் 1901ல் டிரினிடாடில் பிறந்தவர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்த குடும்பம். அப்பா லெப்ரன் கோகோ தோட்டத்தில் மேஸ்திரி, கிரிக்கெட்டரும்கூட. 1900ல் இங்கிலாந்து போன அணியில் ஆடி, லார்ட்ஸில் சதம் அடித்தவர்.

அந்தக் கால டிரினிடாடில் கிளப்புக்கும் நிறம் உண்டு. குயின்ஸ் பார்க் வெள்ளைக்காரர்களுக்கு, மேப்பிள் மாநிறத்தவர்களுக்கு, ஷானன் கறுப்பர்களுக்கு. நம்ம ஊர் டீக்கடைத் தனிக்குவளை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கான்ஸ்டன்டைன் ஷானன் ஆள். வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா வேலை. வக்கீல் ஆகணும்னு ஆசை, ஆனா கறுப்பனுக்கு அங்கே மேலே போக வழி இல்லை. வெளியே போக ஒரே கதவு கிரிக்கெட்.

1928 ஜூனில் லார்ட்ஸில் மிடில்செக்ஸோடு ஒரு மேட்ச். மிடில்செக்ஸ் 352 ரன். வெஸ்ட் இண்டீஸ் 79க்கு 5 விக்கெட் என்று கிடக்கும்போது இவர் வந்து ஒரு மணி நேரத்துக்குள் 86 அடித்தார். அடுத்து பந்து வீசி 57 ரன்னுக்கு 7 விக்கெட். ஜெயிக்க 259 வேணும், மறுபடி 5 விக்கெட் போயாச்சு, மறுபடி இவரே வந்து ஒரு மணி நேரத்தில் 103. மேட்ச் முடிந்தது. அந்தச் சுற்றுப்பயணத்தில் முதல்தர ஆட்டங்களில் 1000 ரன், 100 விக்கெட் இரண்டையும் தாண்டினார். ஆனா டெஸ்டில் சொதப்பல். மூணு டெஸ்டில் 89 ரன், 5 விக்கெட். 1930-31 ஆஸ்திரேலியத் தொடரில் அதைவிட மோசம்: ஐந்து டெஸ்டில் 72 ரன். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு எண்ணையும் பார்க்கணும். 1928 முதல் 1939 வரை வெஸ்ட் இண்டீஸ் ஆடினதே மொத்தம் 22 டெஸ்ட். பன்னிரண்டு வருஷத்துக்கு 22. அதை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. அதனால் 1929ல் லங்காஷயரின் நெல்சன் என்ற நெசவாலை ஊருக்குப் போனார். சனிக்கிழமை லீக் ஆட்டம். சம்பளம் சீசனுக்கு சுமார் 500 பவுண்டு. ஊரில் கறுப்பரையே பார்க்காத பிள்ளைகள் வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார்களாம். ஒன்பது சீசனில் நெல்சன் ஏழு முறை சாம்பியன். பக்கத்து ஊர் கோல்னுக்கு ஆட நம்ம அமர் சிங் வந்தது இந்தக் காலத்தில்தான்.

1933ல் வெஸ்ட் இண்டீஸ் இங்கிலாந்து வந்தபோது நெல்சன் கிளப் அவரை ஒரே ஒரு டெஸ்டுக்குத்தான் விட்டது. சம்பளம் கொடுப்பவர் சொன்னால் கேட்கத்தானே வேணும். அணியின் கேப்டன் பதவியோ வெள்ளைக்காரருக்கு என்று எழுதாத சட்டம். 1935 கிங்ஸ்டன் டெஸ்டில் கேப்டன் கிராண்ட் கணுக்காலில் அடிபட்டு வெளியேற, மைதானத்தில் பொறுப்பு கான்ஸ்டன்டைனிடம் வந்தது. இன்னிங்ஸ் வெற்றி, தொடரும் கையில். அவ்வளவுதான், முறைப்படி கேப்டன் ஆக்கவே இல்லை. கடைசி டெஸ்ட் 1939, ஓவல். வயசு 37. 75 ரன்னுக்கு 5 விக்கெட், பேட்டிங்கில் 79.

உலகப் போர் வந்தது. வெஸ்ட் இண்டீஸிலிருந்து லிவர்பூல் பக்கம் வேலைக்கு வந்த தொழிலாளர்களின் நலனைப் பார்க்கும் அரசாங்க அதிகாரி ஆனார். 1943ல் லார்ட்ஸில் ஒரு மேட்ச் ஆட மனைவி, மகளோடு லண்டன் போனார். ரசல் சதுக்கத்தில் இம்பீரியல் ஹோட்டலில் ரூம் முன்பதிவு செய்திருந்தார். போய்ச் சேர்ந்ததும், ஒரு ராத்திரிக்கு மேல் தங்கக்கூடாது என்றார்கள். அமெரிக்க விருந்தினர்களுக்குப் பிடிக்காதாம். கிரிக்கெட் ஆட லார்ட்ஸ் கூப்பிடுது, படுக்க லண்டனில் இடமில்லை.

அவர் கேஸ் போட்டார். நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அப்போ இல்லை. பயணிக்கு இடம் தருவது விடுதிக்காரர் கடமை என்ற பழைய பொதுச் சட்டத்தை வைத்துத்தான் வழக்கு. 1944ல் நீதிபதி பர்கெட் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னார். நஷ்டஈடு ஐந்து கினி, அதாவது 5 பவுண்டு 5 ஷில்லிங். தொகை அற்பம்தான். ஆனா நாடு முழுக்கப் பேசியது.

பேர் தெரியாத ஒரு தொழிலாளி அதே ஹோட்டல் வாசலில் நின்றிருந்தால் இந்தக் கேஸ் கோர்ட் வரை போயிருக்குமா? நெல்சனில் சம்பாதித்த பணமும் மரியாதையும்தான் இங்கே உதவியது என்று எனக்குப் படுது. சராசரியைக் கெடுத்த லீக் வாழ்க்கைதான் அவரைக் கோர்ட் படியேற வைத்தது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்றேன். 1954ல் பாரிஸ்டர் ஆனார், அந்தப் பழைய குமாஸ்தா ஆசை. டிரினிடாடில் அமைச்சர், பிறகு லண்டனில் தூதர். 1963ல் பிரிஸ்டல் பஸ் கம்பெனி கறுப்பர்களை வேலைக்கு எடுக்க மறுத்தபோது அங்கே போய்ப் போராடியவர்களுக்காகப் பேசினார். தூதருக்கு இது வேலையா என்று முணுமுணுப்பு எழுந்தது. இனப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 1965ல் வந்தது. 1969ல் பிரபுக்கள் சபையின் முதல் கறுப்பின உறுப்பினர். பட்டத்தில் டிரினிடாடின் மரவல் பெயரோடு நெல்சன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். 1971ல் மறைந்தார்.

நண்பருக்கு இதையெல்லாம் அனுப்பி வைத்தேன். "சரிங்க, ஆனா சராசரி 19 தானே" என்று பதில் வந்தது. ஆமாம், 19.24 தான். அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கணும் என்பதுதான் என் வாதம்.

அமர் சிங்கின் கோல்ன் நாட்களைப் பற்றித் தனியா ஒரு பதிவு எழுதணும். பார்ப்போம்.