திரும்பி வந்தவனிடம் பழசைக் கேட்காதே!

யூதர்களின் காலண்டரில் எலூல் என்று ஒரு மாதம் உண்டு. நம் கணக்கில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். பண்டிகை என்று அந்த மாதத்தில் பெரிதாக எதுவும் கிடையாது. ஆனாலும் ஜெபக்கூடங்களில் காலை வழிபாடு முடிந்ததும் ஓர் ஆட்டுக்கடாக் கொம்பை எடுத்து ஊதுவார்கள். ஷோஃபர் என்று பெயர். ஸ்பெயின் வழிவந்த யூதர்கள் மாதம் முழுக்க விடிவதற்கு முன்பே எழுந்துபோய் மன்னிப்புப் பாடல்கள் பாடுவார்கள்.

எதற்கு இவ்வளவு ஏற்பாடு?

அடுத்த மாதம் முதல் தேதி ரோஷ் ஹஷானா. புத்தாண்டு. கடவுள் கணக்குப் பார்க்க உட்காரும் நாள். பத்தாம் தேதி யோம் கிப்பூர். நாள் முழுக்கப் பட்டினி கிடந்து பாவமன்னிப்புக் கேட்கிற நாள். அன்றைக்குத் தீர்ப்பில் முத்திரை விழுந்துவிடும் என்பது நம்பிக்கை. கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் கொடுக்கல் வாங்கலையெல்லாம் நேர்செய்துகொள்ள ஒரு மாத அவகாசம். அதுதான் எலூல்.

சரி, எப்படி நேர்செய்வது?

ஜெருசலேம் ஆலயம் இருந்தவரை தலைமை குரு பார்த்துக்கொண்டார். யோம் கிப்பூர் அன்று இரண்டு வெள்ளாடுகள் வரும். ஒன்று பலிக்கு. இன்னொன்றின் தலையில் கைவைத்து, மக்கள் செய்த பாவத்தையெல்லாம் அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

கி.பி. 70-ல் ரோமானியர்கள் ஆலயத்தைக் கொளுத்தினார்கள். ஆலயம் போச்சு. பலிபீடம் போச்சு. ஆட்டுக்கும் வேலையில்லை. இனிமேல் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்கிற சட்ட நூலில் இதற்குப் பதில் இருக்கிறது. கடவுளுக்கு எதிராகச் செய்த தப்பை யோம் கிப்பூர் கழுவும். அடுத்த மனிதனுக்குச் செய்த தப்பை? கழுவாது. அவனிடமே போய்ச் சமாதானம் பேசியாக வேண்டும். இந்த விஷயத்தில் கடவுளே ஒதுங்கிக்கொள்கிறார்!

இதையெல்லாம் ஒழுங்காக வகைப்படுத்தி, தனியொரு சட்டப் பகுதியாக எழுதிவைத்தவர் மைமோனிடிஸ். பெரிய அறிஞர். அதைவிட முக்கியம், அவர் ஓர் அகதி.

1148-ல் ஸ்பெயினின் கார்டோபா நகரம் அல்மொஹத் வம்சத்தின் கைக்குப் போனது. யூதர்கள் மதம் மாற வேண்டும், இல்லையேல் ஊரை விட்டு ஓட வேண்டும், இரண்டும் முடியாதென்றால் சாக வேண்டும். மைமோனிடிஸுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயசு. குடும்பம் பல வருஷம் அலைந்து மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் அதே வம்சத்தின் ஆட்சிதான்!

வெளியே முஸ்லிம், வீட்டுக்குள் யூதர் என்று பலர் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார்கள். ஒருத்தர் ஒரு ரபியிடம் கேட்டார். நான் ரகசியமாகப் பிரார்த்தனை செய்கிறேனே, அதற்குப் பலன் உண்டா? ரபி கொஞ்சமும் இரங்கவில்லை. வாயால் ஒப்புக்கொண்டபோதே நீ வெளியே போய்விட்டாய், இனி நீ பிரார்த்தனை செய்வதும் பாவம்தான் என்றார்.

இதற்கு மறுப்பாக மைமோனிடிஸ் பெயரில் ஒரு கடிதம் இருக்கிறது. கோபமான கடிதம். கத்திமுனையில் சொன்ன வார்த்தை வேறு, விரும்பிச் செய்த காரியம் வேறு. ஒளிந்து செய்கிற நல்லதும் கணக்கில் சேரும். ஆனால் அங்கேயே இருந்துவிடாதே, முடிந்தவுடன் கிளம்பிவிடு. சாரம் இதுதான். 1165-ல் அவரும் கிளம்பினார். கடைசியில் எகிப்து. அங்கேயும் முஸ்லிம் ஆட்சிதான். ஆனால் யூதராகவே வாழ விட்டார்கள். சலாவுத்தீனின் அமைச்சருக்கே வைத்தியர் ஆனார்.

1180 வாக்கில் அவர் முடித்த 14 பாகச் சட்டத் தொகுப்பு மிஷ்னே தோரா. அதன் முதல் பாகத்தில் பத்து அத்தியாயங்கள் தெஷுவா பற்றியவை. நாம் மனந்திரும்புதல் என்கிறோம். அந்தச் சொல்லுக்கு நேரடி அர்த்தம், திரும்பி வருதல்.

என்ன சொல்கிறார்? பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, மன்னிப்பும் கேட்க வேண்டும். மன்னிக்க மறுத்தால் மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போ. மூன்று தடவை முயற்சி செய். அப்புறமும் மறுத்தால் பாவம் அவன் தலையில். ஆள் செத்துப்போய்விட்டால்? பத்துப் பேரோடு சமாதிக்குப் போய், அவர்கள் முன்னால் தப்பை ஒப்புக்கொள். மறுபடி அதே சந்தர்ப்பம், அதே சபலம் வரும்போது செய்யாமல் விலகி நின்றால்தான் மனம் முழுசாகத் திரும்பியதாக அர்த்தம்.

இன்னொரு விதியும் உண்டு. திரும்பி வந்தவனிடம், நீ முன்னே என்னவெல்லாம் செய்தாய் தெரியுமா என்று பழசைக் கிளறுவது பெரும் பாவம்.

யாரை நினைத்து இதை எழுதினார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஃபெஸ் நகரத்து இரட்டை வாழ்க்கைக்காரர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். திரும்பி வரத் துடிக்கிறவனை வாசலிலேயே நிறுத்தி வைக்கக் கடவுள் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரன் போதும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?