அடக்குதலும் அடங்குதலும்

அடங்கினான் என்பது தன்வினை. அடக்கினான் என்பது பிறவினை. எழுத்தளவில் வேறுபாடு மிகச் சிறிது. ஆயினும் குழந்தைகளை வளர்க்கும் கலையின் வரலாற்றை நோக்குவோமாயின், அது பெரும்பாலும் இச்சிறு வேறுபாட்டைச் சுற்றியே நடந்திருக்கக் காண்போம். திருவள்ளுவர் தம் அதிகாரத்துக்கு அடக்கமுடைமை என்று பெயரிட்டார். ஒருவன் தானே உடையவனாயிருக்கும் பொருள் அது. பிறர் அவன்மேற் சுமத்துவதன்று. நம் பழைய திண்ணைப் பள்ளிகளோ பிறவினையையே பெரிதும் நம்பின. விட்டத்திலே கட்டிய கயிற்றில் மாணவனைத் தொங்கவைக்கும் கோதண்டம் என்னும் தண்டனையை இன்று எவரும் செய்வதில்லை. எனினும், மூன்று வயதுப் பிள்ளை கைகட்டி, வாய்பொத்தி, அசையாதிருப்பதே ஒழுக்கம் என்ற எண்ணம் அந்தக் கயிற்றோடு அறுந்து போய்விடவில்லை.

இந்த எண்ணத்தை முதன்முதல் வலுவாக அசைத்தவர்களுள் ஒருவர் இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி அம்மையார். 1870ஆம் ஆண்டிற் பிறந்த அவர், 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆந் திகதி ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைப் பகுதியிலே ஒரு குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். ஒருநாள் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை ஏந்திக்கொண்டு அவர் வகுப்புக்குள் நுழைந்தார். இந்தக் குழந்தையைப் போல உங்களால் அமைதியாயிருக்க முடியுமா என்று விளையாட்டாகக் கேட்டார். பிள்ளைகள் மூச்சையும் அடக்கிக்கொண்டு அசைவற்றிருந்தனர். சுவரிலிருந்த கடிகாரத்தின் ஒலி அப்போதுதான் அவர்கள் செவிக்கு எட்டியதாம். இதனை ஒரு விளையாட்டாகவே ஆக்கிய அம்மையார், பின்னர் அறைக்கு வெளியே நின்று, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர்சொல்லி மெல்லிய குரலில் அழைத்தார். தம் பெயர் வரும்வரை அத்தனை பேரும் காத்திருந்தனர். இவ்வளவு பொறுமைக்குப் பரிசு வேண்டுமே என்று எண்ணி அவர் இனிப்பைக் கொடுத்தபோது, பிள்ளைகள் அதனை வேண்டாமென்று மறுத்துவிட்டனர்! அதட்டலும் கைக்கூலியும் இல்லாமலே அடக்கம் பிறக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அவருக்குத் தேவைப்படவில்லை.

அவ்வில்லத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. விளையாட்டுக் கருவி ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்றுதான் வைக்கப்பட்டிருக்கும். ஒரு பிள்ளை அதனை எடுத்துக்கொண்டால், மற்றப் பிள்ளை அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். வறுமையால் அன்று, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. மனவுறுதி என்பது செய்யத் தூண்டும் விசையும் செய்யாது நிறுத்தும் விசையும் கூடியது என்பதும், நிறுத்தும் விசை பழக்கத்தினால் வளர்வது என்பதும் அம்மையார் கொண்ட கொள்கை.

நேயர்களே, இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதையென்று எண்ணிவிட வேண்டாம். இதன் முக்கியமான ஓர் அத்தியாயம் நமக்கு மிக அருகிலே எழுதப்பட்டது. 1939ஆம் ஆண்டு நவம்பரில், பிரமஞான சபையின் அழைப்பை ஏற்று, தம் 69ஆம் வயதில் மொண்டிசோரி அம்மையார் சென்னை வந்திறங்கினார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளிலே ஏறத்தாழ 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. சில மாதங்களே தங்குவதாக வந்தவர். 1940 யூன் மாதத்தில் இத்தாலி போரிற் குதிக்கவே, இத்தாலியரான அவர் பிரித்தானிய அரசின் கண்ணுக்குப் பகைநாட்டவர் ஆனார். மகன் மாரியோ சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, அம்மையாரின் 70ஆவது பிறந்தநாளை முன்னிட்டு விடுவிக்கப்பட்டார். பிள்ளைகளுக்குச் சுதந்திரம் வேண்டுமென்று வாழ்நாள் முழுதும் பேசியவருக்கு, நடமாடும் சுதந்திரம் அந்த ஆண்டுகளில் முழுமையாக இருக்கவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானல் மலையிலே தங்கினார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். நம் நாட்டைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்தின என்னும் மாது அவருடைய உதவியாளராயிருந்து, பின்னாளில் அமெரிக்கா சென்று அங்கும் ஆசிரியர்களைப் பயிற்றினார். அம்மையாரின் புகழ்பெற்ற நூலாகிய ‘உறிஞ்சும் மனம்’ 1949இல் முதன்முதல் வெளியானதும் அடையாற்றிலேதான். குழந்தையை வீட்டில் விட்டுவிடாது எங்கும் உடன்கொண்டு செல்லும் தாய்மாரின் வழக்கத்தை அந்நூலிலே அவர் பாராட்டியிருக்கிறார். 1952இல் அவர் காலமானார்.

அவர் கண்ணாற் கண்டதை மூளைக்குள்ளே காணும் வசதி அவர் காலத்தில் இருக்கவில்லை. பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தோர் மூளையின் ஏறத்தாழக் கால் பங்கு நிறையுடையது. ஆறு வயதளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. ஆனால் அளவு வேறு, அமைப்பு வேறு. 1979இல் சிக்காகோவில் பீற்றர் ஹட்டன்லொக்கர் என்னும் மருத்துவர், இறந்தோரின் மூளையில் நெற்றிப்புறப் பகுதியை நுண்காட்டியால் ஆராய்ந்து, நரம்பணுக்களின் இணைப்புகளை எண்ணினார். ஒன்று இரண்டு வயதுப் பிள்ளையின் இணைப்புகள், வளர்ந்தோரின் சராசரியிலும் ஏறத்தாழ அரைப் பங்கு கூடுதலாக நெருங்கியிருந்தன. பின்னர் இளமைப் பருவம் வரை சிறிது சிறிதாகக் குறைந்தன. நாற்றுமேடையிலே நெருங்கி முளைத்த பயிரைப் போன்றது அது. பயன்படும் இணைப்பு தடிக்கிறது, பயன்படாதது மறைகிறது. ஆசையைத் தடுத்து நிறுத்துவதும் முறைக்குக் காத்திருப்பதும் இந்த முன்மூளையின் தொழில்கள். மூளையிலே கடைசியாக முதிரும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. இருபது வயது கடந்தும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை கட்டளையை மறந்து ஓடுவது பெரும்பாலும் பிடிவாதத்தினால் அன்று, கருவி இன்னும் கட்டி முடியாததனால்.

நோன்பு மாதத்தில் நம் வீடுகளில் இதனைக் காணலாம். பேரீச்சம்பழமும் கஞ்சிக் கோப்பையும் முன்னாலிருக்க, முதல் நோன்பு பிடித்த எட்டு வயது மகன் மஃரிப் பாங்கொலிக்காகக் காத்திருக்கிறான். அருகிலிருக்கும் நான்கு வயதுத் தங்கையோ பழத்தை எடுத்து வாயிற் போட்டுக்கொள்கிறாள். மூத்தம்மா சிரிக்கிறார், எவரும் அவளைக் கடிவதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்னும் உளவியலாளர் 1960களின் பிற்பகுதியிலிருந்து நடத்திய சோதனையும் இத்தகையதே. இப்போது ஒரு தின்பண்டம், பொறுத்திருந்தால் இரண்டு. பொறுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பிற் சிறந்தனர் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. 2018இல் 900க்கும் அதிகமான பிள்ளைகளின் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வோ, குடும்பச் சூழலையும் கணக்கிற் கொண்டபோது அத்தொடர்பு பெரிதும் மங்கிவிடுகிறது என்று காட்டியது.

என் மனத்தை அதிகம் தொட்டது 2013இல் வெளியான சிறியதோர் ஆய்வு. செலஸ்ட் கிட் என்பவரும் அவருடைய தோழர்களும் 28 பிள்ளைகளை இரு கூட்டமாகப் பிரித்தனர். தின்பண்டச் சோதனைக்கு முன்பு, ஒரு கூட்டத்துக்கு நல்ல வண்ணக்கோல்கள் கொண்டுவருவதாகச் சொல்லிக் கொண்டுவந்தனர். மற்றதற்குச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தனர். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாந்தவை 3 நிமிடமே. “இந்தா வாறேன்” என்று சொல்லிப் பிள்ளை காணாமற் பின்கதவால் சந்தைக்குப் போய்விடும் தாய்மாரும், நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்று நாளைக் கடத்தும் தந்தைமாரும் இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப்பார்த்தல் நன்று.

இன்று கல்முனைக் கரையிலே, மாவடிப்பள்ளி போன்ற ஊர்களிலும், முன்பள்ளியென்றால் மொண்டிசோரி என்றே சொல்கிறோம். பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சீட்டுக் குலுக்கி இடம்பெற்று உண்மையான மொண்டிசோரிப் பள்ளியிற் படித்த ஐந்து வயதுப் பிள்ளைகளை, இடம் கிடைக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2006இல் வெளியாயிற்று. விதி மாறும்போது பழையதை விட்டுப் புதியதைக் கைக்கொள்ளும் சோதனையில் முன்னையோர் மேம்பட்டனர். பண்டத்துக்குக் காத்திருக்கும் சோதனையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இம்முறையை எல்லா நோய்க்கும் மருந்தென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் அந்த முறை எவ்வளவு இருக்கிறது? முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர், அதிபராகிய என்னிடம் பெருமையோடு காட்டுவது பிள்ளை எழுதி நிரப்பிய கொப்பிகளையே. முறைக்குக் காத்திருப்பானா, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பானா என்று நான் கேட்டால், அது ஒரு கேள்வியா என்பதுபோல் பார்க்கிறார்கள். சில முன்பள்ளிகளில் அம்மையார் வகுத்த மரக்கட்டைகளும் மணிகளும் அழுக்குப் படாமற் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கக் கண்டிருக்கிறேன். திறப்பு ஆசிரியையின் கையில் இருக்கிறது. பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.