டீசலா, பெட்ரோலா? ஒரு வாத்தியாரின் வரலாற்றுப் பதில்



இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "சார், ஃபார்ச்சூனர் மாதிரி பெரிய வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். டீசல் எடுக்கவா, பெட்ரோல் எடுக்கவா?" எனக்கு வண்டி வியாபாரம் தெரியாது. தெரிந்தது வரலாறு. அதனால் வகுப்பில் சொன்ன மாதிரியே சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கொஞ்சம் அறிவியல். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அழுத்திப் பாருங்கள். பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். பெட்ரோல் இன்ஜினில் நெருப்பு வைக்க ஸ்பார்க் பிளக் வேண்டும். அவருடைய இன்ஜினில் காற்றை மிகவும் நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்ற வைத்தார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அந்த இன்ஜின் வெற்றிகரமாக ஓடியது.

நம்ம மானாவாரிக் காட்டுக்காரர்களுக்கு ஒரு செய்தி. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையைக் கொண்டே அங்கே இன்ஜின் ஓட்டலாமா என்று பிரெஞ்சு அரசு யோசித்ததுதான் அதற்குக் காரணம். ஆக, டீசல் இன்ஜின் பிறக்கும்போதே உழைப்பாளியின் இன்ஜின். நம்ம பக்கம் கிணற்று மேட்டில் 'டுப் டுப்' என்று தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜினும் அதே வம்சம்தான்.

இப்போது மலைக்கு வருவோம். 1947இல் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. அது பெட்ரோல் வண்டி. 1980களில் பிரான்ஸின் பியூஜோ டீசல் இன்ஜின் ஜீப்புக்குள் வந்தது. பிறகு மேஜர், கமாண்டர் என்று பெயர்கள் வந்தன. தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், கம்பம், போடி என்று எல்லா ஊரிலும் விடிவதற்கு முன்னாலேயே அந்த ஜீப்புகளின் சத்தம் கேட்கும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் நம் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியவை அவை. சாக்குலத்து மெட்டுக்கு ரோடு வேண்டுமென்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அதுவரை சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சுற்று வழியை டீசல் ஜீப் தாங்கியது. காரணம், மெதுவாகச் சுற்றும்போதே முழு இழுவையும் கொடுக்கும். எண்ணெயும் குறைவாகக் குடிக்கும்.

எண்ணெய் விலையிலும் அரசாங்கம் கை கொடுத்தது. பஸ், லாரி, டிராக்டர், பம்புசெட்டுக்காக டீசல் விலையைப் பல ஆண்டுகள் தாழ்த்தியே வைத்திருந்தார்கள். ஏழைக்கான சலுகை அது. ஆனால் பங்க்கில் டீசல் போடுகிறவர் பார்ப்பது வண்டியைத்தான். வருமானத்தைப் பார்க்க மாட்டாரே! 1998இல் டாடா சஃபாரி, 2002இல் ஸ்கார்ப்பியோ, 2009இல் ஃபார்ச்சூனர். எல்லாம் டீசலை நம்பி வந்த பெரிய வண்டிகள். ஏலக்காய் பறிக்கப் போகும் ஜீப்புக்கு ஊற்றிய அதே சலுகை டீசலை, ஏசி போட்ட சொகுசு வண்டியும் குடித்தது.

2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. டீசலுக்கு நீங்கவில்லை. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியது. டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! எல்லாரும் டீசல் காருக்குப் பாய்ந்தார்கள். சொகுசு வண்டிக்காரர் சலுகையைத் தின்கிறாரே என்ற குரல் எழுந்தது. 2013 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் எஸ்.யு.வி.க்கான உற்பத்தி வரியை 27 சதவீதத்திலிருந்து 30 ஆக உயர்த்தினார். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போனது. இன்று நம்ம பங்க்கில் இரண்டுக்கும் வித்தியாசம் பத்து ரூபாய்க்குள்தான்.

அடுத்து புகை. 2012இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்தது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் விவகாரம் வெடித்தது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இருந்தது. சொகுசு எஸ்.யு.வி.களும் தப்பவில்லை. போர்ஷே நிறுவனம் 2018இல் டீசலையே கைவிட்டது.

நம் உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில், டெல்லி வட்டாரத்தில் 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்யக் கூடாது என்று தடை விதித்தது. என்ன நடந்தது தெரியுமா? அடுத்த மாதமே ஸ்கார்ப்பியோவுக்கு 1.99 லிட்டர் இன்ஜின் வந்துவிட்டது! சட்டம் கோடு கிழித்தது, இன்ஜின் அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்து நின்றது. 2016 ஆகஸ்டில் ஒரு சதவீதச் செஸ் கட்டச் சொல்லித் தடையை நீக்கினார்கள். அதே ஆண்டில்தான் இன்னோவா கிரிஸ்டாவிலும் புது ஃபார்ச்சூனரிலும் 2.7 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்தது.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. வண்டியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. அந்த வடிகட்டி பிடித்த கரியை எரித்துத் தீர்க்க நல்ல சூடு வேண்டும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வீடு என்றே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃபார்ச்சூனர் 2.8 டீசல் ஆட்டோமேட்டிக்கின் முறுக்குவிசை 500 நியூட்டன் மீட்டர்; 1,600 சுற்றிலேயே அது கிடைத்துவிடும். 2.7 பெட்ரோலில் 245. அதற்கும் 4,000 சுற்று வரை போக வேண்டும். மாதத்தில் பல முறை மலையேறுகிறவர், வருடத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் டீசல் எடுங்கள், நியாயம் உண்டு. ஊருக்குள் சுற்றி, கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே எடுக்கிறவருக்குப் பெட்ரோல் போதும். சத்தம் குறைவு, வாங்கும் விலையும் குறைவு. "டீசல்னா மிச்சம்" என்பது நம் அப்பாக்கள் காலத்துக் கணக்கு. அந்தக் கணக்கை எழுதியது இன்ஜின் இல்லை, அரசாங்கத்தின் விலைப் பட்டியல். பட்டியல் மாறிவிட்டது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். உங்களுக்கு டீசல் விலை என்பது மாதக் கணக்கில் ஒரு வரி. ஜீப் வாடகை போக மிச்சக் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு வரும் அக்காவுக்கு அது அன்றைய அரிசி. போடிமெட்டில் அந்த ஜீப்பை முந்தும்போது, எந்த இன்ஜின் ஆனாலும் சரி, கொஞ்சம் நிதானமாக முந்துங்கள்.

உங்கள் ஊருக்கு முதலில் வந்த டீசல் ஜீப் யாருக்காவது நினைவிருந்தால் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்,
தேவாரம்.