கடல் இல்லாத ஊரில் ஒரு வெள்ளம்

கடலோரத்துல பாலமோ துறைமுகமோ கட்டுறவங்க முதல்ல பார்க்கிறது ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குற நேரம். ஏறுன தண்ணி எட்டாத மேட்டுலதான் ஆளுங்க தங்குற கொட்டகையைப் போடணும்.

எங்க ஆற்காட்டுப் பக்கம் கடல் இல்ல. ஆனா 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ பேட்டையில தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டிச் சுவர் உடைஞ்சு, கழிவுச் சேறு பக்கத்து டேனரிக்குள்ள பாய்ஞ்சது. அங்க தூங்கிட்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தாங்க. பெரும்பாலானவங்க மேற்கு வங்கத்துல இருந்து பிழைக்க வந்தவங்க.

ஓதத்துக்கு அட்டவணை உண்டு. தேக்கி வெச்ச தண்ணிக்குக் கிடையாது. அதனால எந்த வேலைத்தளத்துலயும் நான் கேட்கிறது இதைத்தான்: இந்தச் சுவர் உடைஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்? அந்த வழியில யார் படுத்திருக்காங்க?