எபிக் ஃபேன்டஸி படிக்க ஆசையா? முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்து முடித்த கையோடு புத்தகத்தைத் தேடுகிறீர்கள். அல்லது ஆபீஸ் நண்பர் ஒருவர் "ஒரு நல்ல ஃபேன்டஸி சீரிஸ் சொல்லுப்பா" என்று கேட்கிறார். இணையத்தில் தேடினால் 'கட்டாயம் படிக்க வேண்டிய 25' மாதிரி பட்டியல்கள் வந்து குவியும். பெரும்பாலானவை இரண்டு விஷயங்களைச் சொல்வதில்லை. அந்தக் கதை முடிந்துவிட்டதா? படித்து முடிக்க எவ்வளவு நாள் ஆகும்?

இது ஒரு படத்துக்கு டிக்கெட் எடுப்பது போல இல்லை. சில தொடர்கள் உங்கள் வாழ்க்கையில் இரண்டு வருடம் எடுத்துக்கொள்ளும். அதனால் 'எது பெஸ்ட்?' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இந்த இரண்டிலிருந்து தொடங்கலாம்.

எபிக் ஃபேன்டஸி என்றால் என்ன?

ஆசிரியரே உருவாக்கிய ஒரு உலகம். அதற்குத் தனி வரைபடம், தனி வரலாறு, மாயசக்திக்குத் தனி விதிகள். கதையில் பணயமாக இருப்பது ஒரு ஆளின் வாழ்க்கை மட்டுமல்ல, ஒரு நாட்டின் அல்லது மொத்த உலகத்தின் கதி. இன்று நாம் காணும் வடிவத்துக்கு அடித்தளம் போட்டது டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954-55). அவர் அதை ஒரே நாவலாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய காகித விலை காரணமாகப் பதிப்பகம் மூன்றாகப் பிரித்து வெளியிட்டது.

எவ்வளவு நாள் ஆகும்?

நிமிடத்துக்கு 200 சொற்கள், தினமும் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மெட்ரோவில் போகும்போது படிப்பவர்களுக்கு இது நடைமுறைக் கணக்கு. ஒரு நாளைக்கு 6,000 சொற்கள் வரும். அந்த வேகத்தில், தோராயமாக:

- தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் (3 தொகுதிகள், சுமார் 4.8 லட்சம் சொற்கள்): 80 நாள்
- மிஸ்ட்பார்ன், முதல் மூன்று நாவல்கள்: நான்கு மாதத்துக்குள்
- எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர், இதுவரை வந்த 5 பாகங்கள் (17 லட்சத்துக்கு மேல்): சுமார் பத்து மாதம்
- ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ், இதுவரை வந்த 5 பாகங்கள் (20 லட்சத்துக்கு மேல்): ஏறக்குறைய ஒரு வருடம்
- மலாசான் (10 பாகங்கள், சுமார் 33 லட்சம்): ஒன்றரை வருடம்
- தி வீல் ஆஃப் டைம் (14 பாகங்கள், முன்கதை தனி, சுமார் 43 லட்சம்): இரண்டு வருடம்

நீளம் நமக்குப் புதுசில்லை. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் முடித்தவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல்கள். ஆனால் அங்கே சோழர்களும் பாண்டவர்களும் ஏற்கெனவே தெரிந்தவர்கள். இங்கே ஊர்ப் பெயர் முதல் கடவுள் பெயர் வரை எல்லாம் புதுசு. முதல் 100 பக்கம் மெதுவாகத்தான் போகும். அது உங்கள் தவறல்ல.

முடியாத கதையைத் தொடங்கலாமா?

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் தொடருக்குத் திட்டம் ஏழு பாகம். முதல் பாகம் 1996-ல் வந்தது, ஐந்தாவது 2011-ல். ஆறாவதுக்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். டிவி தொடர் 2019-லேயே முடிந்துவிட்டது. பேட்ரிக் ரோத்ஃபஸின் 'கிங்கில்லர் க்ரானிக்கிள்' கதையும் அதேதான்: 2007-ல் ஒன்று, 2011-ல் இரண்டாவது, மூன்றாவது வரவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 'தி வீல் ஆஃப் டைம்' எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007-ல், கதை முடியும் முன்பே இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து, அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹேரியட் மெக்டூகல் தேர்ந்தெடுத்த பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களை எழுதினார். 1990-ல் தொடங்கிய தொடர் 2013-ல் முடிந்தது.

முடியாத தொடரைப் படிக்கவே கூடாதா? அப்படியில்லை. மார்ட்டினின் முதல் மூன்று பாகங்கள் தரும் அனுபவத்துக்காகவே படிக்கலாம். ஆனால் அது தெரிந்துதான் உள்ளே போக வேண்டும். நண்பருக்குப் பரிந்துரைக்கிறீர்கள் என்றால் "இது இன்னும் முடியலை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்து மாதம் படித்த பிறகு அவரே கண்டுபிடித்தால், அடுத்த முறை உங்களிடம் கேட்க மாட்டார்.

சரி, எதில் தொடங்குவது?

முடிந்துவிட்ட, அளவில் சிறிய ஒன்றில். ஐந்து தேர்வுகள் இங்கே. உங்கள் ரசனையைப் பார்த்து எடுங்கள்.

*வேகமான கதை வேண்டுமா?* சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' (2006-08). தீயசக்தி ஜெயித்து ஆயிரம் வருடம் ஆன ஒரு உலகம், வானத்திலிருந்து சாம்பல் கொட்டுகிறது. ஒரு திருட்டுக் கும்பல் பேரரசையே கவிழ்க்கத் திட்டம் போடுகிறது. உலோகத்தை விழுங்கினால் சக்தி வரும், எந்த உலோகத்துக்கு எந்த சக்தி என்பதற்குத் தெளிவான விதிகள் உண்டு. மொழி எளிமையானது. இதே உலகத்தில் பிறகு வந்த நாவல்களும் இருக்கின்றன, ஆனால் முதல் மூன்றிலேயே ஒரு முழுக்கதை முடிகிறது.

*நேரம் ரொம்பக் குறைவா?* உர்சுலா கே. லெ குவினின் 'எர்த்சீ'. முதல் நாவல் (1968) சுமார் 200 பக்கம்தான், ஒரு வார இறுதி போதும். தீவுக்கூட்டங்களால் ஆன உலகம், ஒவ்வொரு பொருளின் உண்மைப் பெயரைத் தெரிந்துகொள்வதுதான் அங்கே மாயசக்தி. நாயகன் மாநிறத்தவன். வெள்ளைத்தோல் வீரர்கள் நிறைந்திருந்த அந்தக் காலத்தில், லெ குவின் தெரிந்தே எடுத்த முடிவு அது.

*போரைவிட மனிதர்கள் முக்கியமா?* ராபின் ஹாபின் 'ஃபார்சீர்' (1995-97). அரச குடும்பத்தில் முறைதவறிப் பிறந்த ஒரு சிறுவன் கொலையாளியாக வளர்க்கப்படுகிறான். மெதுவாக நகரும், ஆனால் ஆட்களை மறக்க முடியாது. பிடித்துப்போனால் அதே உலகத்தில் மொத்தம் 16 நாவல்கள் இருக்கின்றன. கடைசி நாவல் 2017-ல் வந்தது.

*புதுசாக எதாவது வேண்டுமா?* என்.கே. ஜெமிசினின் 'தி ப்ரோக்கன் எர்த்' (2015-17). பூகம்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடியவர்களைப் பார்த்துப் பயந்து, அவர்களை அடிமையாக வைத்திருக்கும் சமூகம். மூன்று பாகங்களும் அடுத்தடுத்து மூன்று வருடம் ஹியூகோ விருது வாங்கின. சில அத்தியாயங்கள் வாசகரிடமே பேசுவதுபோல 'நீ' என்று எழுதப்பட்டிருக்கும். பழக இருபது பக்கம் ஆகும்.

*இந்திய வாசனை வேண்டுமா?* தாஷா சூரியின் 'பர்னிங் கிங்டம்ஸ்' (2021-24), மூன்று பாகங்கள். இந்திய வரலாற்றிலிருந்தும் இதிகாசங்களிலிருந்தும் ஊக்கம் பெற்ற உலகம். முதல் நாவலான 'தி ஜாஸ்மின் த்ரோன்' வேர்ல்ட் ஃபேன்டஸி விருது பெற்றது.

பெரிய தொடர்களை எப்போது எடுப்பது?

மேலே உள்ளதில் ஒன்றை முடித்த பிறகு. ஸ்டீவன் எரிக்சனின் 'மலாசான்' எதையும் விளக்காமல் உங்களை நேராகப் போருக்கு நடுவில் இறக்கிவிடும். இந்த வகைக்குப் பழகியவர்கள் அதைத்தான் ரசிக்கிறார்கள், முதல்முறை படிப்பவர் பாதியில் மூடிவிடுவார். 'தி வீல் ஆஃப் டைம்' எட்டாம் பாகத்திலிருந்து பத்தாம் பாகம் வரை இழுக்கும் என்பதை அதன் தீவிர ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். அது தெரிந்திருந்தால் தாண்டிவிடலாம். 'ஸ்டார்ம்லைட்' பத்து பாகத் திட்டம். 2024-ல் வந்த ஐந்தாவதோடு முதல் பாதிக் கதை முடிகிறது, அதனால் இப்போது தொடங்குவது அவ்வளவு ரிஸ்க் இல்லை.

நண்பர் கேட்டால் என்ன கேட்பது?

உங்களுக்குப் பிடித்த தொடரின் பெயரை உடனே சொல்லிவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்.

1. கடைசியாக முழுசாக முடித்த புத்தகம் எது, எத்தனை பக்கம்?
2. கதை முடியாமல் இருந்தால் பரவாயில்லையா?
3. எந்த அளவு வன்முறை தாங்குவீர்கள்?

மூன்றாவது கேள்வியை நிறைய பேர் கேட்பதே இல்லை. மார்ட்டினின் நாவல்களில் பாலியல் வன்முறை நேரடியாக வருகிறது. 'தி ஜாஸ்மின் த்ரோன்' பெண்களைத் தீயில் எரிக்கும் காட்சியோடுதான் தொடங்குகிறது. 'ப்ரோக்கன் எர்த்' தொடக்கத்திலேயே ஒரு குழந்தையின் மரணம் இருக்கிறது. இதைச் சொல்வது ஸ்பாய்லர் ஆகாது.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். மொத்த செட்டையும் ஆஃபரில் பார்த்தவுடன் கார்ட்டில் போடாதீர்கள். கிண்டிலில் முதல் சில அத்தியாயங்கள் இலவச மாதிரியாகக் கிடைக்கும். அதைப் படித்து, பிடித்தால் முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள். 100 பக்கம் தாண்டியும் யாருக்கு என்ன ஆகும் என்ற கவலை வரவில்லை என்றால், குற்ற உணர்ச்சி இல்லாமல் மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.