இறுக்கம் வேறு, வலு வேறு: மூளை முடக்குவாதமுள்ள பெரியவர்களின் நடைக்கான பயிற்சி கடந்துவந்த பாதை

மூளை முடக்குவாதத்தால் கால் இறுகியவர்கள் பலரின் செருப்பைப் பார்த்தாலே நடை தெரிந்துவிடும். குதிகால் பக்கம் அப்படியே இருக்க, முனை மட்டும் தேய்ந்திருக்கும். கெண்டைக்கால் தசை இறுகிக் குதிகாலை மேலே இழுப்பதால் நேர்வது அது. அவ்வளவு இறுகிய தசை பலவீனமாகவும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள மருத்துவத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

1861இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், பேறுகாலச் சிக்கலுக்கும் கைகால் இறுக்கத்துக்கும் தொடர்புண்டு என்று உரையாற்றினார். மூளை முடக்குவாதத்தின் இந்த வகை வெகுகாலம் 'லிட்டில் நோய்' என்றே வழங்கியது. லிட்டிலுக்கும் சிறுவயதிலேயே பாதம் கோணியிருந்தது. ஜெர்மானிய மருத்துவர் ஸ்ட்ரோமேயரிடம் குதிகால் நாணை வெட்டிச் சரிசெய்துகொண்டவர் அவர். அவர் பயிற்சியைவிடக் கத்தியை நம்பியதில் வியப்பில்லை.

பயிற்சிக்கு மதிப்புத் தேடித் தந்தவர்களில் முதன்மையானவர்கள் நாஜிகளுக்குத் தப்பி லண்டன் வந்த பெர்ட்டா போபாத்தும் அவர் கணவர் கரேலும். பெர்ட்டா உடற்பயிற்சி ஆசிரியை. 1940களில் பக்கவாதம் கண்ட ஓவியர் சைமன் எல்வெஸுக்குச் சிகிச்சை செய்தபோது, உடலை வைக்கும் நிலையை மாற்றினால் இறுக்கம் தளர்வதைக் கவனித்தார். அதிலிருந்து வளர்ந்த முறை உலகெங்கும் பரவியது. கூடவே ஒரு தடையும் பரவியது: எடை தூக்க விடாதீர்கள், இறுக்கம் கூடும். கண்ணால் கண்ட தளர்வுக்கு ஆதாரம் இருந்தது. இந்த அச்சத்தை யாரும் சரியாக அளந்து பார்க்கவில்லை. ஆனாலும் அந்தத் தடை அரை நூற்றாண்டு நிலைத்தது.

தடையை மீறிச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஆய்வாளர் டயான் டாமியானோ. 1995இல் அவர் குழு, இறுக்கமுள்ள பிள்ளைகளின் கணுக்காலில் எடை கட்டி ஆறு வாரம் தொடைத்தசைக்குப் பயிற்சி கொடுத்தது. தசை வலுத்தது.

பெரியவர்களை அப்போதும் யாரும் தேடவில்லை. குழந்தை மருத்துவப் பிரிவு வயது கடந்ததும் கைவிட்டது. பெரியவர்களுக்கான பிரிவோ இதைக் குழந்தைநோய் என்றது. 2001இல் சுவீடனின் ஆண்டர்சனும் மாட்சனும் 221 பெரியவர்களை விசாரித்தார்கள். 35 விழுக்காட்டினர் நடை குறைந்துவிட்டது என்றார்கள். 9 விழுக்காட்டினர் நடப்பதையே நிறுத்தியிருந்தார்கள். மூளையில் நேர்ந்த சேதம் வளராது; ஆனால் உடல் மூப்படைகிறதே! 2003இல் ஆண்டர்சன் குழு பெரியவர்கள் சிலருக்குப் பத்து வாரம் எடைப்பயிற்சி கொடுத்தது. இறுக்கம் கூடவில்லை, நடைவேகம் கூடியது.

அத்துடன் வழக்கு முடியவில்லை. 2013இல் ஆஸ்திரேலியாவின் டெய்லர் குழு 14 முதல் 22 வயதுவரையுள்ள 48 பேரிடம் சோதித்தபோது கால் வலுத்தது. அளவீட்டில் நடை மாறவில்லை. நடமாட்டம் தேறியதாகப் பயிற்சி பெற்றவர்கள் சொன்னார்கள். எது உண்மை? இரண்டும் என்றே கருதுகிறேன். பாதம் தரையை விட்டு எழும்பி மறுபடி ஊன்றுவது அரை நொடிக்குள் நடந்துவிடும். தசைக்கு எவ்வளவு வலு இருந்தாலும் அது பிந்தி வந்தால் பயனில்லை. 2016இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்தார்கள்: பெரியவர்களைப் பாதத்தை வெடுக்கென்று மேலே தூக்கப் பழக்கினார்கள். பன்னிரண்டு வாரத்தில் விசை எழும் வேகம் கூடியது, நடையில் விரல்முனையும் முன்னைவிட உயர்ந்தது. தேயும் செருப்பு முனைக்கு இதுவே நேரான பதில்.

மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வு, மூளை முடக்குவாதத்துக்கான உடற்பயிற்சி குறித்து 29 சோதனைகளைத் திரட்டியது. அவற்றில் இருபது வயது கடந்த பெரியவர்களை மட்டுமே சேர்த்தவை இரண்டே இரண்டு.