எச்சமும் வினையும் – தங்கவயல் உணர்த்தும் பாடம்

தமிழில் ‘எச்சம்’ என்பது பொருட்செறிவு மிக்க சொல். அது குறைபாட்டையும் குறிக்கும். எஞ்சி நிற்பதையும் குறிக்கும். புறநானூற்றின் 28-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறம் உரைக்குங்கால், பார்வையின்மை, கூன், குறள், ஊமை, செவிடு உள்ளிட்ட எட்டுவகைக் குறைகளை எச்சம் என்னும் பெயரால் தொகுத்துரைக்கின்றார். அத்தகைய பிறப்பால் பயனில்லை என்ற பழைய எண்ணமும் அங்குப் பதிவாகியுள்ளது. ஆயினும் அதே தொகைநூலில், ஆய் அண்டிரனின் கொடையைப் பல பாடல்களில் பாடி அவன் புகழை நிலைபெறச் செய்தவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். அவர் பெயரின் முற்பகுதி அவரது உடற்குறையைச் சுட்டுவது என்பர் அறிஞர். பயனில்லை என்ற கூற்றுக்கு அந்நூலுக்குள்ளேயே மறுமொழி இருக்கின்றது அன்றோ!

இலக்கணத்திலும் இச்சொல்லுக்கு இடமுண்டு. வினையெச்சம் என்பது பிழைபட்ட சொல் அன்று. தனக்கு முடிபாக ஒரு வினையை நோக்கி நிற்கும் சொல். அவ்வினை வாராவிடின் குறை தொடருக்கே உரியது, எச்சத்துக்கு உரியதன்று. ஒருகாலத்தில் ஊனமுற்றோர் என்றும் இன்று மாற்றுத்திறனாளிகள் என்றும் நாம் அழைக்கும் மக்களின் வரலாற்றை இந்த நோக்கில் ஆராய்தல் தகும். அதற்குக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான இடம் அரிது.

பொன்னும் உடலும்

தங்கவயலின் பெருமையை அறியாதார் இலர். ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் இங்குக் காலூன்றியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து இச்சுரங்கங்களுக்கு மின்னாற்றல் கொணரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரையில், இம்மண் ஈந்த பொன் 800 டன்னுக்கும் மிகுதி. இவையெல்லாம் பலமுறை எழுதப்பட்டவை. அப்பொன்னை அகழ்ந்த உடல்களின் வரலாறோ அத்துணை விரிவாக எழுதப்படவில்லை.

வட ஆற்காடு, சித்தூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த உழைப்பாளிகள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடிகளைச் சார்ந்த தமிழர்கள், ‘லைன்’ எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்து சுரங்கத்தில் இறங்கினர். அவர்தம் உடலுக்கு இருவகையில் ஊறு நேர்ந்தது. ஒன்று, கணத்தில் நேர்வது. ஆழத்தில் அழுத்தம் தாங்காது பாறை வெடித்துச் சிதறும்போதும், வெடிமருந்து வைக்கும்போதும் கையோ காலோ கண்ணோ போயிற்று. மற்றொன்று, ஆண்டுக்கணக்கில் மெல்ல நேர்வது. பொன் உறைந்திருந்த குவார்ட்ஸ் பாறையைத் துளையிடுகையில் எழும் சிலிக்காத் தூசு கண்ணுக்குப் புலப்படாத நுண்மையது. மூச்சுடன் நுரையீரலின் ஆழத்தில் சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்கும், மூச்சு இளைக்கும், காசநோய் எளிதில் பற்றும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. வேலையை விட்டு நீங்கிய பின்னரும் அது வளரக்கூடும்.

இந்தியாவில் இந்நோய் முதன்முதல் அறிவிக்கப்பட்டது இத்தங்கவயலிலிருந்தே, ஆண்டு 1934. 1940 முதல் 1946 வரை இங்கு 7,653 தொழிலாளர்களை ஆய்ந்தபோது, நூற்றுக்கு 43 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளாகியிருந்தமை தெரியவந்தது. இந்த எண்ணுக்கு விளக்கம் வேண்டுவதில்லை.

விழுக்காட்டுக் கணக்கு

1923-இல் இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. மைசூர் சமஸ்தானமும் பின்னர் அதனையொட்டிய சட்டமுறையை மேற்கொண்டது. தொழிலில் ஊறுபட்டவனுக்கு ஈடு கொடுத்தல் முதலாளியின் கடமை, அஃது அருளன்று என்று நிலைநாட்டிய வகையில் அது பெருஞ்சட்டமே. அதன் அட்டவணை உடலை உறுப்பு உறுப்பாக மதிப்பிட்டது. பிற்காலத் திருத்தங்களின்படி, ஒரு கட்டைவிரல் போனால் உழைப்புத்திறன் 30 விழுக்காடு போயிற்று. தோளோடு கை போனால் 90. இரு கைகளும் போனால் 100. சிலிக்காத் தூசு தரும் நோயும் தொழில்வழி நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது.

இழந்ததை இவ்வாறு துல்லியமாக எண்ணிய சட்டம், எஞ்சியதை எண்ணவில்லை. 30 விழுக்காடு இழந்தவனிடம் 70 விழுக்காடு எஞ்சியிருக்கின்றதே, அதற்கு என்ன பயிற்சி, என்ன வேலை என்று அது வினவவில்லை. ஈட்டுத்தொகை கைக்கு வந்தது. கடனிலும் மருந்திலும் கரைந்தது. எஞ்சிய பொறுப்பு முழுவதும் குடும்பத்தின் தோளில் இறங்கிற்று. மூச்சு இளைத்த தந்தை இருக்கும் இல்லத்தில், தாயின் உழைப்பும் மகளின் படிப்பும் மகனின் இளமையும் அவ்விழப்பை ஈடுசெய்யச் செலவாயின. எந்த அட்டவணையிலும் ஏறாத செலவு இது.

ஆயினும் தங்கவயல் மக்கள் கல்வியின் அருமையை அறியாதவர் அல்லர். அயோத்திதாசப் பண்டிதர் வழிவந்த பௌத்த சங்கம் இங்கு வேரூன்றியிருந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1926-இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே மீண்டும் வெளியிட்டார். உழைத்துக் களைத்தவர்கள் பொருள் சேர்த்து இதழும் நூலும் படைத்த ஊர் இது. தாமே கூடித் தமக்கு வேண்டுவதை ஆக்கிக்கொள்ளும் மரபு இங்குப் புதிதன்று.

எஞ்சியதை எண்ணியோர்

எஞ்சியதிலிருந்து தொடங்கும் நெறி நம் நாட்டில் வேறு திசைகளில் வளர்ந்தது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோருக்குக் கல்வி தொடங்கினார். மைசூரில் 1901-இல் பார்வையற்றோர்க்கும் செவித்திறனற்றோர்க்கும் பள்ளி தோன்றியது. சிவசமுத்திர மின்னொளி சுரங்கத்தை அடைவதற்கு ஓராண்டு முன்னரே அதே சமஸ்தானத்தில் ஏற்றப்பட்ட விளக்கு அது.

தங்கவயலுக்குக் கிழக்கே, அங்குள்ள குடும்பங்கள் பலவற்றின் பூர்விக நிலமாகிய வட ஆற்காட்டின் வேலூரில், டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். எழ இயலாத அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அயல்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்ட அவர் முயற்சியால், 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. மருத்துவர் ஒருவரின் எஞ்சிய இரு கைகள் எத்துணைப் பேரின் கைகளாயின!

மேற்கே பெங்களூரில், இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட என்.எஸ். ஹேமா 1959-இல் தொடங்கிய அமைப்பு, உள்ளரங்க விளையாட்டுக் கழகமாகப் பிறந்து, பள்ளியும் தொழிற்பயிற்சியும் தோட்டக்கலைப் பயிற்சியும் தரும் நிறுவனமாக வளர்ந்தது. கல்வியோடு நின்றுவிடாது ஊதியம் வரை கைப்பிடித்துச் செல்லுதல் அதன் சிறப்பு.

தெற்கே தென்காசியை அடுத்த ஆய்க்குடியின் எஸ். இராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் வந்தபோது வீழ்ந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981-இல் தம் சிற்றூரிலேயே அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இன்று அது குழந்தையின் குறையை இளமையிலேயே கண்டறிந்து, தாய் தந்தையரையும் பயிற்சியில் துணையாக்கிக்கொள்கின்றது. குடும்பத்தின் தோளில் சுமையை மட்டும் ஏற்றாது, அத்தோளுக்கு வலுவும் தருவது இம்முறை.

இம்மூவரும் பிறருக்கு வழிகாட்டுமுன் தாமே அவ்வழி நடந்தவர்கள் என்பதை நாம் கருதவேண்டும்.

திறந்த கதவும் திறவாத கதவும்

சட்டமும் காலப்போக்கில் இந்நெறிக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாட்டு வகைகளை ஏழிலிருந்து 21 ஆக்கியது. வேலை ஒதுக்கீட்டை 4 விழுக்காடாகவும், உயர்கல்வியில் 5 விழுக்காடாகவும் உயர்த்தியது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய, 6 முதல் 18 வயதுவரையிலான பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியது. பெற்றோர் காலத்துக்குப் பின் யார் காப்பர் என்னும் கவலைக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், மூளை முடக்குவாதம், ஆட்டிசம் முதலியன உடையோர்க்குச் சட்டமுறைக் காப்பாளரை அமர்த்தி ஓரளவு விடை தந்தது. பழைய சட்டத்தில் விழுக்காடு என்பது கணக்கைத் தீர்க்கும் எண். புதிய சட்டத்தில் அது கதவைத் திறக்கும் எண்.

ஆனால் அந்த 21 வகையுள் நுரையீரல் நோய் இல்லை. தங்கவயலின் தனிப்பெருங் குறைபாடாகிய சிலிக்கோசிஸ் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. கை இழந்த சுரங்கத் தொழிலாளிக்கு அச்சட்டத்தில் இடமுண்டு. மூச்சை இழந்தவனுக்கு இல்லை. இராஜஸ்தான் அரசு 2019-இல் இந்நோய்க்கெனத் தனிக் கொள்கை வகுத்து, நோயுற்றோர்க்கு உதவித்தொகையும் ஓய்வூதியமும், அவர் மறைந்தபின் குடும்பத்துக்கு நிதியும் வழங்க முற்பட்டது. நாட்டில் முதன்முதல் இந்நோய் அறியப்பட்ட மண்ணின் மக்களுக்கு அத்தகைய ஏற்பாட்டைக் கேட்கும் தகுதி இல்லையா?

சுரங்கம் மூடியபின் தங்கவயலின் பெரும்பகுதி நாள்தோறும் புகைவண்டியேறி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றது. விடியுமுன் நெரிசலில் முண்டியடித்து உயர்ந்த படியில் ஏற இயலாதவர்க்கு, ஊரின் முதன்மையான பிழைப்பே மறுக்கப்பட்டதாகின்றது. ஆதலின் இங்குக் கல்வி மட்டும் போதாது. இல்லத்துக்கருகில் வேலை வேண்டும். சான்றிதழ் பெறவும் விண்ணப்பம் எழுதவும் குடும்பங்களுக்குத் துணை வேண்டும். முதியோரின் பழைய மருத்துவச் சீட்டுகளையும் பணிப் பதிவுகளையும் தேடித் தொகுத்தல் வேண்டும். இவை பெரும்பொருள் வேண்டும் பணிகள் அல்ல; எழுத்தறிந்தார் பத்துப்பேர் கூடினால் இயல்பவை. தமிழ்ச் சங்கங்கள் தமிழை வளர்ப்பதோடு, தமிழ் பேசும் இவ்வெளியோரின் விண்ணப்பங்களுக்கும் எழுதுகோல் ஆதல் வேண்டும்.

ஆய் அண்டிரன் முடமோசியாரின் காலை நோக்கவில்லை, பாட்டை நோக்கினான். அதனால் புலவரும் வாழ்ந்தார், வள்ளலும் வாழ்கின்றான். எச்சம் வினைகொண்டு முடிவது இலக்கணம். அவ்வினைக்கு வழி அமைத்தல் சமுதாயத்தின் கடன்.